ரன்னிங்-இன் முடியாத வண்டி

வண்டி வைத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. ஓட்டுகிறவர்கள், தள்ளுகிறவர்கள், எங்கள் வீட்டுக்காரரைப் போல நின்ற இடத்திலேயே உதைத்து உதைத்து வண்டியின் பரம்பரையையே திட்டுகிறவர்கள். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு வரும் வியாதிகளிலேயே மோசமானது அதை ஓட்டுவதுதான் என்று மனசார நம்பிய ஒரே மனிதரை நான் ஆவடியில்தான் பார்த்தேன். அவர் பெயர் ரன்னிங்-இன்.

சத்தியமாக அதுதான் பெயர். ரேஷன் கார்டில் வேறு ஏதாவது இருந்திருக்கும். குவார்ட்டர்ஸில் அது யாருக்கும் தெரியாது. ஒருமுறை அவருக்கு அம்மை போட்டிருந்தபோது நானே கோயிலுக்குப் போய் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். குருக்கள் பெயர் கேட்டார். யோசிக்காமல் "ரன்னிங்-இன்" என்றேன். அவரும் முகம் சுளிக்காமல் நட்சத்திரம் மட்டும் கேட்டுக்கொண்டு அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்தார். அம்மையும் இறங்கிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து ஆவடிக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு டாங்க் தொழிற்சாலையில் வேலை. எதிர் வீட்டு ரன்னிங்-இன் அண்ணனுக்கும் அங்கேதான். வந்த மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை. கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து, சாப்பாட்டுப் பாத்திரங்களை எல்லாம் மூடிவிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். புகைக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பயப்படாத தங்கச்சி. வண்டி சூடாவுது."

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"எங்கியும் போல. சும்மா சூடாவுது."

புகை விலகியதும் அந்த வண்டியைப் பார்த்தேன். முன்னூற்றைம்பது சி.சி., இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர். ஸ்கூட்டரும் மொபெட்டுமாக இருந்த எங்கள் தெருவில் அது ஒரு பந்தயக் குதிரை. முறுக்கினால் பூந்தமல்லியில் போய்த்தான் நிற்கும் என்பார்கள். 'என்பார்கள்' என்றுதான் சொல்ல முடியும். பார்த்தவர் யாரும் இல்லை. காரணம், வண்டியின் பின்னால் தொங்கிய அட்டை. அதில் சிவப்புப் பெயின்டில் 'ரன்னிங் இன்' என்று எழுதியிருந்தது.

புது இன்ஜினையோ, பிரித்து வேலை பார்த்த இன்ஜினையோ முதலில் கொஞ்ச தூரத்துக்கு மெதுவாக ஓட்டிப் பழக்கவேண்டும். அதற்குப் பெயர்தான் ரன்னிங்-இன். அதுவரை வேகம் கூடாது, பாரம் கூடாது, பின்னால் ஆள் கூடவே கூடாது. அந்தக் காலத்தில் எல்லோரும் கொஞ்ச நாள் கடைப்பிடித்த விஷயம்தான். அண்ணன் அதை ஒரு விரதமாகவே ஆக்கிவிட்டார்.

"புதுப் பொண்ணு மாரி தங்கச்சி. வந்த மொத நாளே மாவாட்ட சொல்லுவியா?"

"என்னைச் சொன்னாங்களே அண்ணே."

"அதான் உனுக்கு இப்பவே இடுப்பு வலி கீது" என்றார். எனக்கு இடுப்பு வலி இருந்தது உண்மைதான்.

இன்ஜின் பழகி முடியப் போகும் சமயத்தில்தான் வினையே வரும். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் முகம் தொங்கிப்போய் வண்டியோடு வந்து நிற்பார். "சத்தம் வர்து" என்பார். வேகமுள் நாற்பதைத் தொட்டதும் 'டக்கு டக்கு டக்கு' என்று லேசாகக் கேட்கிறதாம். தெருவில் இருந்த மெக்கானிக் மூளைகள் எல்லாம் கூடி, நிற்கிற வண்டியின் மேல் காதை வைத்துக் கேட்பார்கள். ஒன்றும் கேட்காது. அண்ணன் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் வைத்து, அதன் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் அன்றைக்கே இன்ஜின் பிரிந்து நடுஹாலில் செய்தித்தாள் மேல் கிடக்கும். மறுபடி புது ரிங், மறுபடி புது அட்டை, மறுபடி ரன்னிங்-இன்.

பராமரிப்பு என்றால் அப்படி ஒரு பராமரிப்பு. எங்கள் வீட்டில் பேனா இருக்கிற இடத்தில் அவர் சட்டைப்பையில் ஸ்பார்க் ப்ளக் இருக்கும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காபிப்பொடி நிறத்தில் இருந்தால் அன்றைக்கு அண்ணன் பாடிக்கொண்டே குளிப்பார். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சில் இழுக்கவேண்டும் என்று ரப்பர் குழாயை மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் கேட்பார். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சுருதி சேராததைத் திருகுவார். செயினைக் கழற்றி, உருக்கிய கிரீஸில் போட்டு அடுப்பில் வேகவைப்பார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது அவர் பெண்சாதி காமாட்சி அக்காவின் பொங்கல் பானை. அந்த வாசனையை மோந்துகொண்டே எங்கள் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, "ஏட்டி, வடை சுடுதியா?" என்று கேட்டார்.

"எதிர் வீட்டுல செயின் வேகுது" என்றேன். அன்று முழுக்க அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஒரு முறை அண்ணன் எங்கள் ஸ்கூட்டரின் ப்ளக்கைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த வெச்சிகினு கண்ணுக்கு மை இட்டுக்கலாம் தங்கச்சி" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டியில் அவர் தொடாத ஒரே பாகம் சீட். "சீட்டு வண்டில சேத்தி இல்ல. அது குந்தறவனோட சமாச்சாரம்" என்பார். அதனால் சீட் மட்டும் காமாட்சி அக்கா இலாகா. உறை தைப்பது, கிழிந்தால் ஒட்டுப்போடுவது, துவைத்து மாட்டுவது எல்லாம் அவள்தான். தைத்துத் தைத்து வைத்தாளே தவிர, அதில் ஒரு தடவைகூட அவள் உட்கார்ந்ததில்லை.

அதுதான் அக்காவின் ஒரே குறை. குழந்தை இல்லாத வீடு. அந்தக் குறையைக்கூட அவள் இவ்வளவு பேசமாட்டாள். வண்டி வீட்டுக்கு வந்த அன்று பூசணிக்காய் உடைத்துவிட்டு அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார்: "ரன்னிங்-இன் முடியட்டும், மொத மொத உன்னியதான் ஏத்துவேன்." அந்த வாரமே அக்கா பிறந்த ஊர் அம்மனுக்கு ஒரு காசு முடிந்து வைத்துவிட்டாள்.

"அந்த வண்டிலயே வந்து உன் உண்டில போட்றேன் தாயேன்னு வேண்டிகினேன்டீ. காசு அப்டியே கீது" என்று என்னிடம் சொல்லி மூக்கை உறிஞ்சுவாள். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஊர் குத்தம்பாக்கம். திருமழிசையைத் தாண்டிப் போகவேண்டும். வயல், கிணறு, அண்ணன் தம்பி என்று பெரிய விவசாயக் குடும்பம். வருஷா வருஷம் ஆடியில் கூழ் ஊற்றும்போது போயே ஆகவேண்டும். எப்படிப் போவார்கள் என்கிறீர்கள்? அக்கா பஸ்ஸில் போவாள். அண்ணன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் போவார்.

ஒரு வருஷம் நானும் அக்காவோடு பஸ்ஸில் போனேன். கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், மந்திரி காருக்குப் பாதுகாப்பு வருவதுபோல நாற்பதுக்குக் கீழே வேகம் வைத்து அண்ணன் வந்துகொண்டிருக்கிறார். பஸ் நின்றால் நிற்கிறார். கிளம்பினால் கிளம்புகிறார். பஸ் விடும் புகை தன் ஏர் ஃபில்டருக்குள் போய்விடுமே என்று பத்தடி தள்ளியே வருகிறார். அக்கா உள்ளேயிருந்து, 'வீட்டைப் பூட்டினியா' என்று கையால் கேட்கிறாள். அவர், 'பூட்டினேன்' என்று தலையை ஆட்டுகிறார். பருத்திப்பட்டு தாண்டியதும் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"யம்மா, ஊட்ல இன்னா சண்டையா? உங்க ஆளு பஸ்ஸ தொரத்திகினே வர்றாரு."

"சண்ட இல்ல நைனா. ரன்னிங்-இன்னு" என்றாள் அக்கா. கண்டக்டர் அதற்கப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை.

பூந்தமல்லியில் பஸ் மாறி, குத்தம்பாக்கம் நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் ஊருக்குள் நடந்தோம். அண்ணன் எங்களுக்குப் பக்கத்திலேயே, கால் இரண்டையும் தரையில் தேய்த்துக்கொண்டு வண்டியை உருட்டினார். பெண்சாதியை ஏற்றாவிட்டால் போகிறது, கையிலிருக்கும் பையையாவது வாங்கி மாட்டிக்கொண்டாரா? அதுவும் இல்லை. பையும் பாரம்தானே.

அன்றைக்குத்தான் அது நடந்தது. கோயில் வாசலில், ஊர்ப் பெண்கள் மொத்தமும் கூழுக்கு நிற்கும் இடத்தில், அக்காவின் அண்ணி சத்தமாகக் கேட்டாள்: "இன்னா காமாட்சி, வண்டி கீது, புருசன் கீறாரு, நீ மட்டும் பஸ்ல வர்ற? தாலி உனுக்கு கட்னாரா, அந்த வண்டிக்கு கட்னாரா?"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அக்காவின் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அக்காவின் முகம் கூழ்ப்பானைபோலக் கறுத்தது.

"அடுத்த ஆடிக்கு அந்த வண்டில பின்னால குந்திகினு வர்றேன். இல்லனா இந்த ஊர்ல காலே வெக்க மாட்டேன்."

கோபத்தில் சொன்னது என்று நீங்கள் நினைக்கலாம். காமாட்சி அக்காவை உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை காபியில் சர்க்கரை போதவில்லை என்று யாரோ சொன்னதற்கு, இனி காபியே குடிப்பதில்லை என்றாள். நான் பார்த்தவரை அப்புறம் குடிக்கவே இல்லை. அம்மா இருக்கிற ஊரை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னால் அது விட்டதுதான். அண்ணனுக்கும் அது தெரியும். திரும்பி வரும்போது பஸ்ஸுக்குப் பின்னால் அவர் தலை குனிந்தபடியே வந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்த வருஷம் அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். சாயங்காலம் சங்கு ஊதியதும் வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர், பட்டாபிராம், திருநின்றவூர் என்று தனியாக ஓட்டி ஓட்டிப் பழக்கினார். எப்படியாவது ஆடிக்குள் முடித்துவிடவேண்டும். தெருவே கூட ஓடியது. "இன்னும் எவ்ளோ தூரம் பாக்கி அண்ணாத்தே?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்பார்கள். அக்கா புதுச் சேலைக்கு ஜாக்கெட் தைத்து வைத்தாள். கையோடு சீட்டுக்கும் புது உறை தைத்தாள், அரக்குக் கலரில்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அண்ணன் முகம் தொங்கிப்போய் வந்து நின்றார். கேட்க என்ன இருக்கிறது?

"அண்ணே, இந்த ஒரு தடவை காதுல விழாத மாதிரி இருந்துருங்களேன்" என்று நான்தான் கெஞ்சினேன்.

"தங்கச்சி, சத்தம் வர்ற வண்டில பொம்பளய ஏத்திகினு போயி, நடுரோட்ல இன்ஜினு புட்ச்சிகினு சக்கரம் நின்னுட்டா? ரெண்டு பேரும் லாரிக்கு அடிலதான். அவள ஏத்தறதுனாலதான் தொறக்கறேன்" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கிறுக்கு மனுஷனுடைய பயம் வண்டிக்காக மட்டும் இல்லை.

இன்ஜின் ஹாலுக்கு வந்தது. அக்கா சிலிண்டரைத் தாண்டி சமையலறைக்குப் போனாள், பிஸ்டனைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். அவள் கத்தியிருந்தால் அண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கும் ஆவடிக்குமாக அலைந்து பிஸ்டன், ரிங், பேரிங் என்று உள்ளே இருந்த அத்தனையும் புதிதாகப் போட்டார். திருவிழா அன்று காலையில் வண்டி முழுசாக நின்றது. ஒரே உதை, ஸ்டார்ட் ஆனது. வெள்ளோட்டம் பார்க்கப் போனார்.

நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். நானும் வீட்டுக்காரரும்கூட அன்றைக்குக் குத்தம்பாக்கம் போக ஸ்கூட்டரோடு தயார். அக்கா மட்டும் பழைய சேலையில், அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் வர்து தங்கச்சி. அத்தினியும் மாத்திட்டேன். இன்னும் வர்து. இனிமே இந்த வண்டில தொறக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் தோத்துட்டேன்."

அவர் கண்ணில் தண்ணீர். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து முந்தானையால் அவர் நெற்றியிலிருந்த கிரீஸைத் துடைத்தாள்.

"போனா போவுது. நீ நாஸ்தா துன்னு மொதல்ல" என்றாள்.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய், வண்டியின் பின்னால் தொங்கிய அட்டையை ஒரே இழுப்பாக இழுத்துப் பிய்த்தார்.

"சேலய மாத்திகினு வா. போலாம்."

"ரன்னிங்-இன்னு..."

"பிஸ்டன் பூட்ச்சினா வேற வாங்கிக்கலாம். மெதுவா போலாம், ஓரமாவே போலாம். அந்தப் பையயும் குடு, மாட்டிக்கறேன்."

தெருவே கைதட்டியது. அக்கா அரக்குச் சீட்டில் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தோம். பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டை தாண்டி எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. திருமழிசைக்குப் பக்கத்தில், வேகம் நாற்பதைத் தொட்டிருக்கும், அண்ணன் திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜின் பிடித்துக்கொண்டதென்றே நினைத்தேன்.

"காமாட்சி, எறங்கு" என்றார். அவள் இறங்கியதும் தனியாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "ஏறு" என்றார். அவளோடு போய்த் திரும்பி வந்தார். "எறங்கு." தனியாகப் போனார். "ஏறு." சேர்ந்து போனார். மாட்டு வண்டியில் கோயிலுக்குப் போனவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்காரரிடம், "பிரார்த்தனைங்களா?" என்று கேட்டார்.

கடைசியில் அண்ணன் நடுரோட்டில் நின்று கத்தினார்: "நீ குந்துனா சத்தம் வர்ல காமாட்சி! நீ எறங்குனா வர்து! கம்பெனிக்காரன் ரெண்டு பேருக்குனே கணக்கு போட்டு செஞ்சிக்கீறான். நான் முட்டாப்பய, இத்தினி நாளா பாதி வண்டிய ஓட்டிகினு இருந்துக்கீறேன்!"

அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள்: "ஐயோ, என் காசுடீ!"

அம்மனுக்கு முடிந்த காசு சாமி படத்துக்குப் பின்னால் இல்லை. வண்டியிலேயே இருக்கட்டும் என்று அதை ஒரு சின்னத் தைல டப்பாவில் போட்டு, பின்சீட்டு உறைக்குள், பஞ்சுக்கும் அடித் தகட்டுக்கும் நடுவில் அவள்தான் செருகி வைத்திருக்கிறாள். உறை மாற்றும்போதெல்லாம் மறக்காமல் அதே இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறாள். வேகம் நாற்பதைத் தொட்டதும் அது தகட்டில் ஆடும். மேலே ஆள் உட்கார்ந்தால் அழுந்திக்கொண்டு கம்மென்று இருக்கும். வண்டியில் ஏறவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட காசுதான் இத்தனை வருஷமும் அவளை ஏறவிடாமல் பண்ணியிருக்கிறது.

குத்தம்பாக்கத்துக்குள் வண்டி நுழைந்தபோது அக்காவின் அண்ணி கரண்டியோடு வாயைத் திறந்தபடி நின்றாள். அக்கா அவளைப் பார்க்கக்கூட இல்லை. எல்லோரும் கூழுக்குப் போன நேரத்தில், பின்சீட்டு உறையின் தையலைப் பிரித்து, டப்பாவை எடுத்து, காசை உண்டியலில் போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வேறொரு காசை எடுத்து டப்பாவில் போட்டு, பழைய இடத்திலேயே செருகி, ஊசி நூலால் தைத்துவிட்டாள்.

"என்னக்கா, திரும்பவும் வேண்டுதலா?"

"பைத்தியக்காரி. சத்தம் வந்தாதான்டீ எனுக்கு எடம். அவராண்ட சொல்லிடாத."

அதற்குப் பிறகு அண்ணன் அக்கா இல்லாமல் வண்டியை எடுத்ததே இல்லை. மார்க்கெட், ரேஷன் கடை, டென்ட் கொட்டகை, பெட்ரோல் போடக்கூட இரண்டு பேரும்தான். வண்டி குதிரையாக ஓடியது. இன்ஜினை அப்புறம் அவர் அநாவசியமாகத் திறக்கவில்லை. அட்டைதான் போனதே தவிர, ஊர் வைத்த பெயர் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர்கள் நூம்பலில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய அன்று அக்கா உள்ளே ஆட்களுக்கு டீ போடப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் ப்ளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். பின்சீட்டை மெல்லத் தட்டிக் காட்டினார்.

"உள்ள ஒரு டப்பா கீது. உனுக்கு தெரியும்தான?"

"எப்பண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"ஆடி முடிஞ்ச வாரமே. ஆளு குந்துனா நிக்கற சத்தம் இன்ஜின்லேர்ந்து எப்டி தங்கச்சி வரும்? அவ தூங்கசொல்ல சீட்ட கயட்டிப் பாத்தேன். காசு கீது. அப்டியே வெச்சிட்டேன்."

"எடுத்திருக்கலாமே அண்ணே?"

"எட்த்தா சத்தம் நின்னுடும். சத்தம் நின்னா, எதுக்கு உனுக்கு பாரம், நான் பஸ்லயே போறேன்னுவா. அவள உனுக்கு தெரியாது?" ப்ளக்கை ஊதிவிட்டு மறுபடி துடைத்தார். "பின்னால குந்திகினு ஏதாச்சும் பேசிகினே வருவா பாரு. அத்த கேட்டுகினு ஓட்டிப் பயகிடுச்சி. அவளாண்ட சொல்லிடாத."

ஓட்டை வாய் என்று பெயரெடுத்த எனக்கு வயிற்றில் இரண்டு ரகசியம். ஒரு ரகசியம் எதிர் வீட்டு வாசலில் நின்றது, இன்னொன்று உள்ளே பால் காய்ச்சியது. இரண்டையும் இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டேன். இப்போது பத்திரிகையில் எழுதுகிற தைரியம் எப்படி வந்தது என்றால், அண்ணன் எந்தப் பத்திரிகையையும் ப்ளக் துடைக்க மட்டும்தான் வாங்குவார். அக்காவோ படம் மட்டும் பார்ப்பாள்.

அன்று சாமான் வண்டிக்குப் பின்னால் இருவரும் அந்த அரக்குச் சீட்டில் கிளம்பிப் போனார்கள். தெருமுனை திரும்பும்வரை அக்கா பேசிக்கொண்டேதான் போனாள். இன்றைக்கும் ரோட்டில் ஏதாவது ஒரு மோட்டார் சைக்கிள் டக்கு டக்கென்று தனியாகப் போனால், ஓடிப்போய் நிறுத்தி, "ஐயா, கோளாறு இன்ஜினில் இல்லை, வீட்டுக்குப் போய் அவளையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லத் தோன்றுகிறது.